சும்மா விட்ட பாத்தி

— அப்ப முடிவா என்னதான் சொல்றீக மாமா? அந்தத் தலைமருந்து கேக்குதா, கேக்கலையா?

— கேக்கல சுகன்யா. ஆறு மாசம் பாத்தாச்சு. சுத்தமா கேக்கல.

— முடிதான் வளந்திருக்கே!

— வளந்திருக்கு. அதான் பிரச்சனையே.

— நல்லாருக்கே கூத்து. ஊர்ல முடி வளரலேன்னு அழுவாக. நீங்க வளந்துருச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக.

— மெதுவாப் பேசு புள்ள. மொட்டைக்கு நிக்கிற வரிசை இது. முன்னாடி நிக்கிறவரு திரும்பித் திரும்பி என் தலையவே பாக்குறாரு.

— பாத்துட்டுப் போகட்டும். இன்னும் செத்த நேரந்தான? பெறகு அங்கன பாக்குறதுக்கு என்ன இருக்கப் போகுது?

— சொல்லு, சொல்லு. பழனிக்குக் கூட்டிட்டு வந்து, மார்கழிக் குளிருல மொட்டையும் போட வச்சு, வாய் வேற பேசுவ.

— சரி, கோவிக்காதீக. வளந்தும் ஏன் கேக்கலன்னு சொல்றீக? எனக்கு வெளங்கல.

— நம்ம கடைக்குப் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் வந்து டெமோ போடுவான்ல? எவனாவது ஒரு சம்சாரியோட தக்காளிக் காட்டுல ரெண்டு பாத்தி எடுப்பான். ஒண்ணுக்கு மருந்து அடிப்பான். பக்கத்துப் பாத்திய ஒண்ணும் செய்யாம சும்மா விட்ருவான். பெறகு எல்லாரும் வரப்புல நின்னு ரெண்டையும் பாப்போம். அடிச்ச பாத்தி செழிச்சு, சும்மா விட்ட பாத்தி சொணங்கிக் கெடந்தா மருந்து கேட்டுருச்சு. ரெண்டும் ஒண்ணு போலச் செழிச்சிருந்தா?

— மருந்து நல்ல மருந்து.

— மண்ணாங்கட்டி! மழை பேஞ்சிருக்குன்னு அர்த்தம். மருந்துக்கு அதுல பங்கே இல்ல.

— தக்காளிக்குச் சரி. அதுக்காகத் தலையிலயுமா பாத்தி கட்டுவாக?

— கட்டுனேனே! வகிடுதான் வரப்பு. வலது பக்கம் மருந்து அடிச்ச பாத்தி. இடது பக்கம் சும்மா விட்ட பாத்தி. குஜிலியம்பாறைச் சுத்துவட்டாரத்துல சொந்தத் தலையில டெமோ போட்ட ஒரே உரக்கடைக்காரன் இந்தக் காமராஜ்தான்.

— பெருமையப் பாரு. திண்டுக்கல்ல தோல் டாக்டரு என்ன சொன்னாரு? தலை முழுக்கத் தான தடவச் சொன்னாரு?

— சொன்னாரு. "தெனமும் விடாமத் தடவுங்க, மொதல்ல கொட்டும், பயப்படாதீங்க, ஆறு மாசம் பொறுங்க"ன்னாரு. அவரு சொன்னத அப்படியே நம்பிட்டா நான் என்னத்தக் கடை நடத்துறது? "இத அடிங்க அப்பு, சூப்பராக் கேக்கும்"னு இம்புட்டு வருசமா ஊரையே அனுப்பி வச்சவன் நான். அந்த வாயி எப்படிப் பேசும்னு எனக்குத் தெரியாதா?

— அப்ப நீங்க விக்கிறது எதுவும் கேக்காதா?

— அதக் கடை வாசல்ல வந்து கேட்டுறாத.

— மொத மாசம் வலது பக்கம் கொட்டுனப்ப என்னா பாடு படுத்துனீக! சீப்பும் கையுமா வீடு பூராம் நடந்தீக.

— நடக்காம? விழுந்த ஒவ்வொண்ணுக்கும் பேரு வைக்காத கொறைதான். தடவுன பக்கம் பொலபொலன்னு கொட்டுது, தடவாத பக்கம் கல்லு மாதிரி நிக்கிது. எவனோ பாட்டில் மாத்திக் களைக்கொல்லிய அடைச்சு அனுப்பிட்டான்னே முடிவு பண்ணிட்டேன்.

— ரோஸ்மேரிதான அப்ப நல்ல வார்த்தை சொன்னா. மெடிக்கல்ல வேலை பாக்குறாளே, என்கூடப் படிச்சவ. "பழசு விழுந்துதான் புதுசு வரும், கொட்டுறதே மருந்து வேலைய ஆரம்பிச்சதுக்கு அடையாளம், அண்ணன நிறுத்த விட்ராத"ன்னு.

— அவளும் என்னைய மாதிரி மருந்து விக்கிறவதான? அவ அப்படித்தான் சொல்லுவா. ஆனா ஒண்ணு கவனிச்சியா? அதுக்கு அடுத்த மாசம் இடது பக்கமும் கொட்டுச்சு. ஒரு சொட்டு மருந்து படாத பக்கம்! அங்கன பிடிச்சேன் நான். கொட்டுனதுக்குக் காரணம் மருந்து இல்ல. ஆடிக் காத்து.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. காத்துதான். நல்ல காத்து அந்த வருசம்.

— "அந்த வருசம்" என்ன, இந்த வருசந்தான். நீ ஏன் வேற எங்கிட்டோ பாக்குற?

— நம்ம பய செழியன் எங்கன நிக்கிறான்னு பாக்குறேன். பொன்னழகு மதினி கையப் பிடிச்சிருக்காகளா என்னன்னு...

— எங்க அக்கா பிடிச்ச கைய அம்புட்டு லேசுல விடாது. இதக் கேளு. பாட்டில் வெவகாரம் வேற இருக்கு. ஒரு பாட்டில் ஒரு மாசம் வரும்னு அதுல போட்டிருக்கான். பாதித் தலைக்குத் தடவுறவனுக்கு ரெண்டு மாசம் வரணுமா, இல்லையா? எனக்கு ஒரு மாசத்துலயே காலி! அளவுல கை வைக்கிறான் கம்பெனிக்காரன்.

— மூடி சரியா மூடாம வச்சிருப்பீக. ஆவியாப் போயிருக்கும்.

— அதையும் யோசிச்சேன். மூடிக்கு மேல பிளாஸ்டிக் பை சுத்தி ரப்பர் போட்டு வச்சேன். அப்பயும் காலி.

— நகருங்க மாமா, வரிசை போகுது.

— போகுது, போகுது. எல்லாருக்கும் அவசரம். கடைசியா, ஆறு மாசம் முடிஞ்ச அன்னைக்கு, கடை வாசல்ல நல்ல வெயில்ல நாற்காலி போட்டு உக்காந்தேன். பழைய போட்டோவ போன்ல எடுத்து வச்சுக்கிட்டேன். நம்ம வாடிக்கைச் சம்சாரி சடையாண்டி அண்ணனக் கூப்பிட்டு, "அண்ணே, எந்தப் பக்கம் வெள்ளாமை நல்லாருக்கு, பொதுவாச் சொல்லுங்க"ன்னேன்.

— போயும் போயும் அவரையா? பேருலதான் சடை. அவரு தலையில ஒண்ணு கூட இல்லையே.

— அதான் கூப்பிட்டேன். இந்த வெவகாரத்துல அவருக்கு ஆதாயம் இல்ல பாரு. அவரு சுத்திச் சுத்தி வந்தாரு. மண்ணப் பாக்குற மாதிரி வெரல விட்டுப் பாத்தாரு. "தம்பி, ரெண்டு பக்கமும் மொளைப்பு ஒண்ணாத்தான் இருக்கு, உச்சியில மட்டும் கொஞ்சம் தண்ணி பத்தல"ன்னுட்டாரு. உரம் வாங்க வந்த நாலு பேரும் கும்பலா நின்னு பாத்துட்டு ஆமான்னாக. ஊரே தீர்ப்புச் சொல்லிருச்சு. ரெண்டும் ஒண்ணு. மழை பேஞ்சிருக்கு, அம்புட்டுத்தான்.

— என்ன மழை? தலையிலயா?

— எதுவோ. நீ போடுற கருவேப்பிலைத் தொவையலா இருக்கலாம். கடையில புது ஆளு வந்த பெறகு நான் நிம்மதியாத் தூங்குறதா இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? மானாவாரித் தலை புள்ள இது. மேகம் வந்துச்சு, பேஞ்சுச்சு. திரும்ப வருமான்னு எவன் சொல்லுவான்?

— எல்லாம் வரும்.

— வராது. அந்தப் பயம்தான் எனக்கு. மருந்து கேட்டிருந்தா நான் சிரிச்சுக்கிட்டே வழிச்சிருப்பேன். மறுநாள் தடவுனாத் திரும்ப வரும்னு ஒரு தைரியம் இருக்கும். இப்ப வழிச்சா வழிச்சதுதான். எங்கப்பாவுக்குப் பாரு, என் வயசுல பழனிக்கு வந்து மொட்டை போட்டாரு. அதோட கதை முடிஞ்சு போச்சு. "வழுக்கையன் வீடு"ன்னாத்தான் இன்னைக்கும் தபால்காரருக்கு எங்க வீடு தெரியும்.

— அவருக்கு அது போற முடி. மொட்டையாலயா போச்சு?

— போற முடியோ வார முடியோ, போச்சுல்ல? சிரிக்காத. ஸ்கூல் தொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— புது டீச்சரு. "செழியன், ஒங்க தாத்தா வந்திருக்காரு பாரு"ன்னு கூப்பிடுது. நான் என்ன செஞ்சேன்? இல்ல டீச்சர், நான் அப்பான்னு சொல்லலாம்ல? வாய் வரல. "ஆமா டீச்சர், பேரன் நல்லாப் படிக்கிறானா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். சொந்தப் பயலுக்கே தாத்தாவாகி வந்த மனுசன் ஒலகத்துல நானாத்தான் இருப்பேன்.

— அதுக்குப் பெறகு ஸ்கூல் கேட்டு வரைக்கும் நீங்க போகவே இல்ல.

— எதுக்குப் போகணும்? ரோட்டு முக்குலயே எறக்கி விட்டுட்டு, வண்டியத் திருப்பிருவேன். பேரன் தனியா நடந்து போகட்டும்னு. ஆனா போன வாரம் போனேன் சுகன்யா. ஒன்கிட்டக் கூடச் சொல்லல. தலையில தண்ணி தொட்டுச் சீவிக்கிட்டு, கேட்டு வரைக்கும் போனேன். வாட்ச்மேன் உள்ள பாத்துச் சத்தம் போட்டாரு, "ஏலே செழியா, ஒங்கப்பா நிக்கிறாரு"ன்னு. அப்பாங்கிற வார்த்தைக்குக் கண்ணு கலங்கிப் போச்சு எனக்கு. தூசி விழுந்துருச்சுன்னு வாட்ச்மேன் கிட்டத் துண்டு வாங்கித் தொடச்சேன்.

— இத ஏன் மாமா என்கிட்டச் சொல்லல?

— சொன்னா நீ மொட்டைய வேண்டாம்னுருவ. வேண்டுதல் நிக்கக் கூடாது. பய காய்ச்சல்ல கெடந்து எழுந்ததுக்கு நேந்துக்கிட்டது. என் முடி பெருசா, அவன் உசுரு பெருசா? ஆனா இது மட்டும் சொல்லு. அவன் தேறி வருசத்துக்கு மேல ஆச்சு. நீ போன வாரந்தான் வந்து "வேண்டுதல் பலிச்சுருச்சு, மொட்டை போட்டாகணும்"னு ஒத்தக் கால்ல நின்ன. முருகனுக்கு ரிசல்ட் வர இம்புட்டு நாளா ஆகும்?

— நேந்துக்கிட்டதப் பத்தி அது நெறவேறுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது மாமா. எங்க ஆத்தா வீட்டுப் பழக்கம்.

— ஒங்க ஆத்தா வீட்டுல வாயத் தொறக்காம இருக்குறது இந்த ஒரு விசயத்துக்குத்தான்.

— அடுத்தது யாருங்க? டோக்கனக் குடுத்துட்டு இப்படி உக்காருங்க.

— நாந்தாண்ணே. கொஞ்சம் பாத்துச் செய்ங்க.

— பாத்துத்தானுங்க செய்யணும். பாக்காமச் செஞ்சா காது போயிருமுங்க. தலையக் குனிங்க, தண்ணி ஊத்துறேன்.

— யப்பா! என்னா குளிரு!

— மார்கழித் தண்ணிங்க. குளிராம என்ன பண்ணும்?

— அண்ணே, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு பக்கமும் தடவிப் பாத்துச் சொல்லுங்க. முடி ஒண்ணு போல இருக்கா?

— ஏனுங்க, வழிக்கப் போற முடில ஒண்ணென்னங்க ரெண்டென்னங்க? எனக்கு எல்லாத் தலையும் ஒண்ணுதானுங்க.

— சும்மா சொல்லுங்கண்ணே. கடைசித் தடவையாக் கேட்டுக்கிறேன்.

— ஒரே மாதிரித்தானுங்க இருக்குது. குனிங்க. ஆடாதீங்க.

— கேட்டியா சுகன்யா? இவரும் சொல்லிட்டாரு. மேல்முறையீட்டுலயும் தோத்துப் போச்சு மருந்து.

— வாயப் பொத்திக்கிட்டு உக்காருங்க மாமா. கத்தி ஓடுது.

— வலது பக்கம் போகுதா?

— போகுது.

— அடிச்ச பாத்தி. ம். எத்தன நாளு, குளிச்சுட்டு ஈரம் காயுற வரைக்கும் காத்துக் கெடந்து, சொட்டுச் சொட்டா விட்டு... அண்ணே, கொஞ்சம் மெதுவா. அதுக்கு நான் ரொம்பப் பாடுபட்டிருக்கேன்.

— எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. வலப் பக்கம் ஆச்சுங்க. கத்தியக் கழுவிக்கிறேன், ஒரு நிமிசம்.

— எப்படி இருக்கு சுகன்யா? ஏய், என்ன புள்ள, அழுகுறியா?

— இல்ல. தண்ணி தெறிச்சுருச்சு.

— எனக்கு ஸ்கூல் வாசல்ல தூசி, ஒனக்குத் தண்ணியா? அழுகாத. சாமிக்குக் குடுத்தது. நான் நெசமாவே மனச ஆத்திக்கிட்டேன். ஒரு வகையில நிம்மதி. இன்னையோட அந்த மருந்துக்கும் முழுக்கு. வீட்டுக்குப் போனதும் மிச்ச பாட்டிலத் தூக்கிக் குப்பையில போட்டுரு.

— வேண்டாம்.

— வேண்டாமா? எதுக்கு, சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கவா?

— மருந்த நிறுத்தாதீக மாமா.

— கேக்காத மருந்த வச்சுக்கிட்டு என்ன செய்ய?

— கேக்குது.

— என்னது?

— மருந்து கேக்குதுன்னேன். நல்லாவே கேக்குது. நிறுத்துனாத்தான் திரும்ப வராது.

— இம்புட்டு நேரம் நான் யாருக்குப் பாடம் எடுத்தேன்? இடது பக்கம் மருந்தே படாம வளந்திருக்குன்னு...

— பட்டுச்சு.

— எங்கன பட்டுச்சு? காத்துல பறந்தா? தலையணையில ஒட்டியா? அதெல்லாம் பாத்துட்டேன், வாய்ப்பே இல்ல.

— நான்தான் தடவுனேன்.

— நீயா?

— நியூஸ் பாத்துக்கிட்டே நாற்காலியில தூங்கிருவீகல்ல? தெனமும். வலது பக்கம் கொட்டுனதப் பாத்து நீங்க நிறுத்தப் போறேன்னு குதிச்சீகளே, அன்னைக்குத்தான் ரோஸ்மேரி சொன்னா, கொட்டுனா நல்லதுன்னு. சரி, அப்ப ஒரு பக்கம் மட்டும் முடி வந்து மறு பக்கம் பொட்டலாக் கெடந்தா, பாதி அப்பாவும் பாதி தாத்தாவுமாவா ஸ்கூலுக்குப் போவீகன்னு தோணுச்சு. நீங்க கொறட்டை விட்டதும் பாட்டில எடுத்துட்டு வந்து இடது பக்கம் தடவி விட்டேன். அன்னையிலருந்து ஒரு நாளு விடல.

— அடிப் பாவி! அப்ப ஆடியில இடது பக்கம் கொட்டுனது?

— காத்து இல்ல.

— பாட்டில் காலியானது?

— ஆவி இல்ல.

— கம்பெனிக்காரன எம்புட்டுத் திட்டுனேன்! ஊர்ல எல்லார் கிட்டயும் மருந்து வேஸ்ட்டுன்னு சொல்லிட்டேனே! சடையாண்டி அண்ணன் பாதி பாட்டில் கேட்டாரு, ஒங்களுக்கும் கேக்காதுன்னு அனுப்பிச்சுட்டேனே! என் டெமோவ பூராம் கெடுத்து வச்சிருக்கியேடி! சும்மா விட்ட பாத்தி சும்மாவே இல்லையே!

— ஏனுங்க, தலைய ஆட்டாதீங்க. கத்தி கையில இருக்குதுங்க.

— கத்திய நிறுத்துங்கண்ணே! அப்படியே நிறுத்துங்க!

— நிறுத்திட்டேனுங்க. பாதிதான் ஆயிருக்குது. வலப் பக்கம் மொட்டை, இடப் பக்கம் முடி. இப்படியே எந்திரிச்சுப் போறீங்களா? எனக்கொண்ணும் இல்லீங்க. வெளிய ஒங்க பையன் நிப்பான்னு நெனைக்கிறேன்.

— கடைசியில திரும்பவும் பாதித் தலைக்கே வந்து நிக்கிறேன் பாரு. முருகா! இதுக்கு நான் தாத்தாவாவே இருந்திருக்கலாம்.

— கோவமா மாமா?

— கோவந்தான். இல்ல, இரு. கோவப்படணும்னுதான் பாக்குறேன், வர மாட்டேங்குது. அஞ்சு மாசமா தெனமும் தடவுனியா?

— ஆமா.

— மதியம் பூரா ஸ்கூல் சத்துணவு அடுப்புல வெந்துட்டு வந்து, ராத்திரிச் சமையலும் செஞ்சு, நான் தூங்குற வரைக்கும் முழிச்சிருந்து?

— அன்னைக்குத் தாத்தா கதையச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னீக. செழியனும் சிரிச்சான். பெறகு பாத்ரூமுக்குள்ள போயிக் கொழாயத் தொறந்து விட்டீக. வாளி நெறஞ்சு வழியுது, வழியுது, நீங்க மூடவே இல்ல. கதவுக்கு இந்தப் பக்கம் நான்தான நின்னேன். என்னால அதத் தாங்க முடியல மாமா. ஒங்கள நான் எந்தத் தலையோட பாத்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஒங்களுக்குத்தான் ஒண்ணா இல்ல.

— சரி, சரி. மறுபடியும் தண்ணி தெறிக்குது ஒனக்கு. தொடச்சுக்க. அண்ணே, கேட்டீகளா? மருந்து கேக்குதாம்.

— கேட்டுச்சுங்க. எந்த மருந்துன்னு போகும்போது சொல்லிட்டுப் போங்க.

— சொல்றேன். இப்ப வழிச்சாத் திரும்ப வரும்னு தெரிஞ்சு போச்சு, பெறகென்ன? வழிங்கண்ணே. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுக்கு நேந்துக்கிட்டது. பாதியோட எந்திரிச்சா தப்பு. மிச்சத்தையும் எடுங்க.

— இதானுங்க நல்ல புத்தி. குனிங்க.

— இனி ரெண்டு பக்கமும் தடவுவேன் சுகன்யா. டெமோவும் வேண்டாம், பாத்தியும் வேண்டாம். ஸ்கூல் கேட்டு வரைக்கும் போக இன்னொரு ஆறு மாசம். பொறுத்துக்கிட்டாப் போச்சு.

— ஆச்சுங்க. சந்தனம் பூசிக்கலாமுங்க. அடுத்தது யாருங்க?

— வேண்டுதல் நெறவேறிருச்சு. இனி நீ வாயத் தொறக்கலாம்ல? செழியனுக்குக் காய்ச்சல் நூத்தி எத்தனையில நிக்கிறப்ப நேந்துக்கிட்ட?

— காய்ச்சலுக்கு நேரல மாமா.

— பெறகு?

— அது நீங்களா நெனச்சுக்கிட்டது. நான் அப்படிச் சொல்லவே இல்ல.

— பெறகு எதுக்குடி என் முடியக் குடுத்த?

— பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னுதான் நேந்துக்கிட்டேன். முருகா, எங்க மாமாவுக்கு மட்டும் தலை நெறைய முடி வளந்துருச்சுன்னா, அந்த முடியவே ஒனக்குக் காணிக்கையாத் தாரேன்னு.